ஹாபர், போர்ட்: இரண்டும் ஒன்றா?

கேள்வி: திருகோணமலையில் இரண்டையும் துறைமுகம் என்றுதான் சொல்கிறோம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் எதை எங்கே போடுவது?

பதில்: ஹாபர் என்பது காற்றுக்கும் அலைக்கும் கப்பல் ஒதுங்கி நிற்கும் நீர்ப்பரப்பு. குன்றுகள் சூழ்ந்த எங்கட உட்குடா இயற்கை ஹாபர். சரக்கு ஏற்றி இறக்கும் ஜெட்டி, கிரேன், சுங்கம் எல்லாம் சேர்ந்தது போர்ட். சீனன்குடாவில் கோதுமைக் கப்பல் வந்து கட்டி நிற்கும் இடத்துக்கு போர்ட்தான் பொருத்தம்.

பதில்: ஹாபர் வினைச்சொல்லாகவும் வரும், பிள்ளைகள் பிழைவிடுவது அங்கேதான். ‘ஹாபர் எ கிரட்ஜ்’ என்றால் மனதில் வன்மம் வைத்திருப்பது. குற்றவாளியை ஒளித்து வைப்பதற்கும் இதே சொல். ஆகவே விருந்தாளியை வீட்டில் தங்கவைத்ததற்கு இதை எழுதவே கூடாது, ‘ஹோஸ்ட்’ போடுங்கோ.

பதில்: ஹாபர் (harbour) என்பதில் ‘யூ’ எழுத்தை விட்டால் அமெரிக்க எழுத்துக்கூட்டல். எங்கட பாடப்புத்தகத்தில் ‘யூ’ இருக்கும்.