பொருள்: பழைய துணியில் தைத்த விண்டேஜ் உடை - தமிழில் என்ன?

சென்னையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஆடை வரலாற்றுப் பாடம் ஒன்றை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். லண்டன் கிரீக் தெருவில் 1966இல் கடை திறந்த உடை வடிவமைப்பாளர் தியா போர்ட்டர் பற்றியது. ஜெருசலேமில் பிறந்து டமாஸ்கஸில் வளர்ந்தவர். மேற்கு ஆசியாவின் பழம் பூவேலைத் துணிகளை வெட்டி உடை தைத்தார். அந்த உடை இன்று விண்டேஜ், அதாவது சில பத்தாண்டுப் பழமை கொண்டது. அதிலிருக்கும் துணியோ ஆண்டிக், அதைவிட மிகப் பழையது. வணிக வழக்கில் 100 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் 'பழைய' என்றே போட்டால் மாணவர் குழம்புவார்கள்.

மதுரையிலிருந்து:
துணிக்குத் 'தொல்துணி'. புணர்ச்சிப்படி, பல் + துளி பஃறுளி ஆவது போல, 'தொஃறுணி' என்பதே சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, தொஃறுணியை எந்தப் பிள்ளை வாசிக்கும்? தொல்தமிழ் என்று எழுதுகிறோமே, அப்படியே விடலாம். 'பழந்துணி' மட்டும் வேண்டாம், அது அடுப்படி துடைக்கிற துணி.

மதுரையிலிருந்து:
அப்படியானால் 'தொல்லறுவை'. அறுவை என்றால் பழந்தமிழில் துணி. பொருநராற்றுப்படையில் பொருநன் பெறுவது 'அரவுரி அன்ன அறுவை', பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே ஒரு புலவர் உண்டு. அறு என்பதிலிருந்து அறுவை, துணி என்ற வினையிலிருந்து துணி, இரண்டும் வெட்டப்பட்டவை. விண்டேஜ் என்பதும் முதலில் திராட்சை அறுவடைதான். ஆக, அதற்கும் அறு என்ற வேரிலேயே சொல் ஆக்கலாம்.

கோவையிலிருந்து:
அறுவை என்றால் இன்று மருத்துவமனைதான் ஐயா. நான் பழைய துணிகளைச் செப்பனிடுகிறவள். 19ஆம் நூற்றாண்டுப் பட்டில் கனம் கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றியிருப்பார்கள். அது மடிப்பிலேயே நொறுங்கும், அக்குளில் முதலில் கிழியும். உடையின் வயதை மட்டும் பார்த்து அதைக் கொக்கியில் தொங்கவிட்டால் துணி போய்விடும். அதனால் துணியின் வயது தனியே தெரிய வேண்டும். 'மரபுத்துணி'யும் ஆகாது, நேற்று நெய்த கைத்தறியும் மரபுதான்.

சென்னையிலிருந்து:
சரி, நாளை அனுப்பியாக வேண்டும். துணிக்குத் 'தொல்துணி', உடைக்கு 'விண்டேஜ் உடை'. ஆங்கிலச் சொல் மனசுக்கு ஒப்பவில்லை, ஆனாலும் பெரும்பான்மை இதுதான்.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தொல்துணியில் புணர்ச்சிப் பிழை இருக்கிறது. விண்டேஜுக்கு 'முன்னாளுடை' என்று ஒருவராவது முயன்று பார்த்திருக்கலாம்.