வளைந்த கூரைக் கேரவனில் சோலார் பேனல்: பிராக்கெட் ஆடுகிறது, தண்ணீர் இறங்குகிறது. உதவி வேண்டும்

வணக்கம். அப்பா காலத்துப் பழைய இழுவைக் கேரவனைச் சேலத்தில் சரிசெய்து வருகிறேன். அலுமினியத் தகடு, கூரை கூண்டு வண்டி மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும். அதில் 100 வாட் பேனல் இரண்டை எல் பிராக்கெட் வைத்து, தகட்டிலேயே ஸ்குரூ போட்டு மாட்டினேன். பிராக்கெட்டின் ஒரு விளிம்புதான் தகட்டில் உட்காருகிறது. போன வாரம் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள் இரண்டு துளை அகன்றுவிட்டது. ராத்திரி முழுக்க மழை. காலையில் பார்த்தால் அம்மா படுத்திருந்த மெத்தையின் தலைமாடு நனைந்திருந்தது. சிலிகான் மேல் சிலிகான் பூசியும் நிற்கவில்லை. வளையும் பேனல் வாங்கி ஒட்டிவிடலாமா?

பதில் (வண்டி பாடி கட்டும் பட்டறைக்காரர்):
தம்பி, ஒட்ட வேண்டாம். அடியில் காற்று போகாவிட்டால் சித்திரை வெயிலில் பேனல் வெந்துவிடும். சூடு ஏற ஏற மின்சாரமும் குறையும்.

உங்கள் கூரை குறுக்கேதான் வளைகிறது. நீளவாக்கில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நேராகப் படியும். வேலையை அந்தக் கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரிவிட் வரிசை ஓடுகிற இடத்துக்கு அடியில் விலா எலும்பு மாதிரி சட்டம் இருக்கும். பிடிமானம் சட்டத்தில்தான், தகட்டில் இல்லை. ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அட்டை வைத்து வளைவை வெட்டி எடுங்கள். அந்த அச்சுக்கு 5 மி.மீ. அலுமினியப் பட்டையை வளைத்துக் கால் செய்தால் அடி முழுசாகப் படியும். கால்கள் மேல் நீளவாக்கில் இரண்டு சேனல் (‘ப’ வடிவ நீளச் சட்டம்), அதன் மேல் பேனல், அடியில் நான்கு விரல் இடைவெளி.

பழைய சிலிகானைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள், அதன் மேல் எதுவும் ஒட்டாது. காலுக்கு அடியில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மெத்தென்ற ஒட்டு நாடா). அப்புறம், என்ன ஸ்குரூ போட்டீர்கள்?

கேட்டவர்:
சாதாரண இரும்பு ஸ்குரூ அண்ணா. ஒன்றைக் கழற்றினேன். துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி, ஸ்குரூ கழுத்தில் துரு.

பட்டறைக்காரர்:
அதுதான் காரணம். ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போடுங்கள், அதுவும் தகட்டை நேராகத் தொடாமல் நைலான் வாஷர் கொடுங்கள்.

பதில் (சோலார் வேலை செய்பவர்):
அண்ணன் சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். பேனல்களைச் சரிவுக்கு ஒன்றாக வைக்காமல் நடு முகட்டில் முன்னும் பின்னுமாக வையுங்கள். இரண்டையும் பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணையுங்கள். ஏற்காட்டில் காபித் தோட்டம் பக்கம் நிறுத்தினால் சில்வர் ஓக் நிழல் ஏதாவது ஒரு பேனலில் விழத்தான் செய்யும். பேரலலில் மற்றது தன்பாட்டுக்கு வேலை செய்யும். கரண்ட் 11 ஆம்பியர் வரை வரும், 6 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். சாய்த்து நிறுத்த ஸ்டாண்ட் தேவையில்லை. நம் பக்கம் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். படுக்கையாகக் கிடந்தாலே போதும்.

கேட்டவர்:
முதல் கால் வளைத்து வந்துவிட்டது. கூரையில் வைத்து ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்தேன், மறுபக்கம் வெளிச்சம் கசியவில்லை. எல்லாக் காலும் மாட்டியதும் அரை மணி நேரம் ஹோஸ் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவின் மெத்தையை உள்ளே போடப் போகிறேன்.