ஷெவி 327: பவர் ஸ்டீயரிங் பம்ப் புல்லி 9 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது, வாஷர் போடலாமா?

கறுப்பு இம்பாலா:
1967 மாடல் ஷெவர்லே 327 (கன அங்குலம்) இன்ஜின், குட்டை வாட்டர் பம்ப். ஹெட்டின் முன்முகத்தில் போல்ட் துளை எதுவும் இல்லை. வண்டி முதலில் மேனுவல் ஸ்டீயரிங். பவர் பாக்ஸ் (பவர் ஸ்டீயரிங் கியர் பெட்டி), சாகினா பவர் ஸ்டீயரிங் பம்ப் (பிரஸ் ஃபிட் புல்லி, அதாவது ஷாஃப்டில் அழுத்தி ஏற்றியது), பிராக்கெட், இரண்டு பள்ளம் உள்ள கிராங்க் புல்லி எல்லாம் பழைய சாமானாகச் சேர்த்து மாட்டியாச்சு. பிராக்கெட் எந்த வருஷத்து வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாது.

பம்ப் புல்லியின் பள்ளம், கிராங்க் புல்லியின் முன் பள்ளத்தைவிட 9 மி.மீ. முன்னால் இருக்கிறது. ஐடிலில் பெல்ட் ஓடுகிறது. 3,000 ஆர்.பி.எம். தாண்டினால் புரண்டுகொள்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் கீச்சென்று கத்துகிறது. கிராங்க் புல்லிக்கும் பேலன்சருக்கும் (கிராங்க் முனையில் அதிர்வை அடக்கும் சக்கரம்) நடுவில் மூன்று போல்ட்டிலும் 9 மி.மீ. வாஷர் அடுக்கினால் நேராகிவிடும் போலிருக்கிறது. செய்யலாமா?

பள்ளம்பார்த்தான்:
வேண்டவே வேண்டாம். அந்தப் புல்லியின் மையத்தைப் பிடிப்பது மூன்று போல்ட் இல்லை, பேலன்சர் முகத்தில் அது போய் உட்காரும் வட்ட விளிம்பு. வாஷர் போட்டு 9 மி.மீ. வெளியே எடுத்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். புல்லி ஆடிக்கொண்டே சுற்றும், போல்ட் தளரும். இன்னொன்று, அதே புல்லியின் மற்றப் பள்ளத்தில்தான் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடுகிறது. இங்கே சரி செய்தால் அங்கே 9 மி.மீ. கெடும்.

முதலில் சாமான் ஒரே குடும்பமா என்று பாருங்கள். 1969 முதல் ஷெவி கார்களில் நீள வாட்டர் பம்ப் வந்தது. பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து ஹப் (புல்லி மாட்டும் நடுப்பகுதி) முகம் வரை குட்டை பம்ப் சுமார் 5 5/8 அங்குலம், நீள பம்ப் சுமார் 6 15/16 அங்குலம். புல்லி, பிராக்கெட் எல்லாம் அதற்கேற்ப மாறும், ஒன்றோடொன்று கலக்க முடியாது. ஆனால் அந்த வித்தியாசம் 33 மி.மீ. உங்களுடையது 9 தான். ஆகவே இரண்டு மூன்று சின்னத் தப்பு சேர்ந்த கணக்கு என்று தோன்றுகிறது.

கண்ணால் பார்ப்பதை விடுங்கள், அளவு எடுங்கள். நேர்விளிம்புள்ள ஸ்டீல் பட்டையை, முன்னால் நிற்கும் புல்லியின் (உங்களுக்குப் பம்ப் புல்லி) முகத்தில் ஒட்டி வைத்துக் கீழே கிராங்க் புல்லிவரை நீட்டுங்கள். கிராங்க் புல்லியின் மேல் விளிம்பில் இடைவெளி எவ்வளவு, கீழ் விளிம்பில் எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருந்தால் பம்ப் முன்னால் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். வேறுபட்டால் பம்ப் சாய்ந்திருக்கிறது. சாய்வை ஸ்பேசர் போட்டுத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு புல்லியிலும் முன்முகத்திலிருந்து பள்ளத்தின் நடு வரை உள்ள தூரத்தையும் காலிப்பரால் எடுத்துக் கழியுங்கள். விளிம்புத் தடிமன் புல்லிக்குப் புல்லி மாறும். முகம் நேராக இருந்தும் பள்ளம் கோணலாக இருப்பது சகஜம்.

புல்லிக்குப் புல்லி 300 மி.மீ. தூரம் என்றால் 1.5 மி.மீ. வரை தாங்கும். அதற்குமேல் போனால் வி பெல்ட் ஒரு பக்கம் தேய்ந்து ரப்பர் தூள் கொட்டும், வேகத்தில் புரளும்.

திருகாணி:
மேலே சொன்ன அளவை இரண்டு தடவை எடுக்கணும்: பெல்ட் இல்லாமல் ஒரு தடவை, பெல்ட்டை இறுக்கி ஒரு தடவை. பல பேர் முதல் அளவோடு நிறுத்திடறாங்க. சாகினா பம்ப் கனமான ஜாமான், முன் பிராக்கெட்டில் மட்டும் தொங்கினா பெல்ட் இழுக்கும்போது மூக்கு கீழே குனியும். பம்ப்பின் பின்பக்கத்திலிருந்து இன்ஜினுக்கு ஒரு தாங்கு பிராக்கெட் இருக்கா?

ஷாஃப்ட் முனையையும் பாருங்க. பிரஸ் ஃபிட் புல்லின்னா புல்லியின் ஹப் முகமும் ஷாஃப்ட் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கணும், 0.25 மி.மீ. வித்தியாசம் வரைதான் அனுமதி.

கறுப்பு இம்பாலா:
அளந்தாச்சு. இரண்டு புல்லியிலும் முகத்திலிருந்து பள்ள நடு வரை ஒரே தூரம். பெல்ட் இல்லாமல் மேலும் கீழும் 9 மி.மீ. பெல்ட்டை இறுக்கினால் மேல் விளிம்பில் 7.5, கீழ் விளிம்பில் 6.5. இறுக்கினால் நல்லதாகிறதே? பின் தாங்கு இல்லை. ஷாஃப்ட் முனை ஹப்புக்குள் 4 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் குழாய் ஸ்பேசர் இரண்டு இருக்கு, ஒவ்வொன்றும் 25 மி.மீ.

பள்ளம்பார்த்தான்:
இடைவெளி குறைந்தது நல்ல செய்தி இல்லை. பம்ப் குனிந்ததால் பட்டையின் கீழ்முனை பின்னால் போய்விட்டது, அதனால் அப்படித் தெரிகிறது. கிராங்க் புல்லியின் விட்டத்துக்குள்ளேயே 1 மி.மீ. வித்தியாசம் வருவது அளவுக்கு மீறின சாய்வு. பின் தாங்கு போடாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

9-ல் 4 மி.மீ. புல்லி முழுசாக உட்காராததால் வந்தது. மிச்சம் 5 ஸ்பேசரில். லேத்தில் இரண்டையும் 20 மி.மீ. ஆக்குங்கள், இரு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கைரம்பத்தில் அறுத்தால் பிராக்கெட் திரும்பவும் சாயும்.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஸ்பேசர் 5 மி.மீ. குறைந்ததும் அதே பழைய போல்ட் 5 மி.மீ. ஆழமாக இறங்கும். பிளாக்கின் முன்பக்கத் துளைக்கு அடி மூடியிருந்தால் போல்ட் அடியில் முட்டிக்கொண்டு டார்க் ரெஞ்ச் கிளிக் கொடுக்கும், பிராக்கெட்டோ இறுகியே இருக்காது. ஒரு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்து, அதற்கேற்ற நீளத்தில் போல்ட் வாங்குங்கள். 3/8-16 மரை, காஸ்ட் அயர்ன்; 14 மி.மீ. மரை பிடித்தால் போதும், 30 அடி-பவுண்டு. பம்ப் 9 மி.மீ. பின்னால் போகாது, 5 தான் போகும். ஆனாலும் பம்ப் டப்பாவின் (எண்ணெய் நிற்கும் தகரப் பகுதி) முதுகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுங்கள்.

திருகாணி:
புல்லியை உள்ளே தள்ள சுத்தியல் எடுக்காதீங்க. அடி நேரா ஷாஃப்ட் வழியா ரோட்டருக்கும் அதைப் பிடிச்சிருக்கிற வளையத்துக்கும் போகும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, அப்புறம் பம்ப் உறும ஆரம்பிக்கும். ஷாஃப்ட் முனையில் 3/8-16 மரை இருக்கு, அதுக்குன்னே புல்லி மாட்டும் டூல் கிடைக்கும். அதன் ஸ்டட்டை மரையில் முழுசா ஏத்திட்டு நட்டைத் திருகினா புல்லி தானா உட்காரும். பாதி மரையில் இழுத்தா மரை உரிஞ்சிடும். ஏற்கெனவே பல தடவை கழட்டி மாட்டின புல்லின்னா பிடிப்பு போயிருக்கும். டூல் லேசா சுத்தும்போதே உள்ளே போச்சுன்னா அந்தப் புல்லி வேண்டாம், ஓட்டத்தில் முன்னால் நகர்ந்து வரும்.

பெல்ட்டை இறுக்கும்போது பம்ப் டப்பாவில் கம்பி கொடுத்து நெம்பக் கூடாது. அது வெறும் தகரம், ஓ-ரிங் இடத்தில் கசியும். பல பிராக்கெட்டில் 1/2 அங்குலச் சதுர ஓட்டை இருக்கும், பிரேக்கர் பாரை அதில் விட்டு இழுங்க. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினா 10 முதல் 12 மி.மீ. இறங்கணும். புது பெல்ட்னா கால் மணி நேரம் ஓட்டிட்டு இன்ஜினை நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கணும்.

நேராக்கின பிறகும் கத்தினா புல்லிப் பள்ளத்தின் அடியைப் பாருங்க. அங்கே பளபளன்னு தேய்ஞ்சிருந்தா பெல்ட் அகலம் பத்தலை, அடியில் உட்கார்ந்து வழுக்குதுன்னு அர்த்தம். வி பெல்ட் பக்கச் சுவரில்தான் பிடிக்கணும்.

எண்ணெய்க்கை:
பெல்ட் வேலை முடிந்ததும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயிலிருந்து காற்று எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முன் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்து, டப்பாவை நிரப்பி, இன்ஜின் நின்றபடியே ஸ்டீயரிங்கை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை மெதுவாக இருபது தடவையாவது திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு ஐடிலில் அதையே செய்யலாம்; எல்லையில் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அங்கே ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் கொதிக்கும். நுரை வந்தால் நிறுத்தி, அடங்கும்வரை காத்திருந்து தொடருங்கள். பிரேக் ஆயில் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது, சீல் ஊதிவிடும்.

பழைய சாமான் கலவை என்பதால் பிரஷர் ஹோஸ் முனையையும் பாருங்கள். பழைய பம்ப்பில் இன்வர்டட் ஃபிளேர் (குழாய் முனையை விரித்து இறுக்கும் வகை), பிற்காலத்துப் பம்ப்பில் மெட்ரிக் ஓ-ரிங். ஒன்றில் மற்றது ஓரிரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பொருந்திவிட்டது என்று நினைத்து ரெஞ்சைப் போட்டால் மரை போய்விடும். கையாலேயே கடைசிவரை ஏறாத நட்டை ஏற்றாதீர்கள்.