பாலியோ 1.6-க்கு டர்போ: எஞ்சினைப் பிரிக்காமல் செய்யலாமா?

கோவை_பாலியோ
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2002 ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். இருக்கிறது. பெரியப்பா புதிதாக எடுத்த வண்டி, பிறகு எனக்குக் கொடுத்தார். 1,14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கில் கை வைத்தாலே கீழே ரோடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்றைய சின்ன வண்டிகளில் எனக்கு அது கிடைக்கவில்லை, அதனால் விற்கும் எண்ணமே கிடையாது.

ஆனால் 1596 சி.சி.யில் 100 குதிரைத்திறன் இப்போது போதவில்லை. குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 4,000 ஆர்.பி.எம். தாண்டினால்தான் வண்டி விழிக்கிறது. என் திட்டம்: எஞ்சினைப் பிரிக்காமல் ஒரு சின்ன டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி), 0.4 பார் அழுத்தம், அந்தக் காற்றை ஆற்ற இன்டர்கூலர், எரிபொருளையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தத் தனி இ.சி.யு. 130 குதிரைத்திறன் வந்தால் போதும். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை ஊட்டி. செய்யலாமா?

பழைய_பட்டறை
தம்பி, முப்பது வருஷமாக எஞ்சின் வேலை பார்க்கிறேன். செய்ய முடியுமா என்றால் முடியும். செய்யலாமா என்றால் வேண்டாம் என்பேன்.

டர்போவோடு பிறந்த எஞ்சின் வேறு, டர்போ மாட்டிக்கொண்ட எஞ்சின் வேறு. டர்போவுக்காகவே செய்த எஞ்சினில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அளவை, குறைத்திருப்பார்கள், பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும் கூடுதல் சூட்டைத் தாங்குகிற மாதிரி இருக்கும், பலவற்றில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி ஆற்றுவார்கள். உங்களுடையது காற்றைத் தானே இழுத்துக்கொள்ளச் செய்த எஞ்சின். அதுவும் இருபது வருஷம் தாண்டியது. ஹோஸ், சீல், கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் அதே வயசு. அந்தப் பணத்தில் பாதியைப் போட்டு சஸ்பென்ஷன் புஷ், இன்ஜெக்டர், கிளச், பிரேக் எல்லாம் புதிதாக்குங்கள். வேறு வண்டி மாதிரி இருக்கும்.

பூஸ்ட்_ஈரோடு
அண்ணன் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் 0.4 பார் என்பதைப் பெரிய பூதமாக்க வேண்டாம். கணக்குப் பார்ப்போம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதன் மேல் 0.4 என்றால் ஏட்டில் 40 சதவீதம் அதிகக் காற்று. அமுக்கும்போது காற்று சூடாவதால் கைக்கு வருவது 30 சதவீதம்தான். 100 குதிரை 130 ஆகும். இந்த அளவில் கனெக்டிங் ராடு வளையாது, பிளாக்கும் பிளக்காது.

எஞ்சினைக் கொல்வது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது. எரிபொருள் குறைந்து, இக்னிஷன் நேரம் தப்பினால் டர்போ இல்லாத எஞ்சின்கூடப் போகும். ட்யூனிங் சரியாக இருந்தால் வயசான எஞ்சினும் தாங்கும். என் பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலை 0.35 பாரில் 40,000 கி.மீ. ஓட்டினேன். எஞ்சின் ஹெட்டைத் திறக்கவே இல்லை.

பழைய_பட்டறை
ட்யூனிங் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கேயே வருகிறேன். எந்தப் பெட்ரோலுக்கு ட்யூன் செய்வீர்கள்? இன்று பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு 13.5 பக்கம். அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். 2002-ல் வந்த இ.சி.யு.வுக்கு இது தெரியாது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் சென்சாரைப் பார்ப்பதை விட்டுவிடும், மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கில்தான் ஊற்றும். டர்போ முழு அழுத்தம் கொடுப்பதும் அதே நேரத்தில்தான். பிஸ்டன் ஓரத்தில் ஓட்டை விழுந்து என் மேஜைக்கு வந்த எஞ்சின்களில் இதே கதையைப் பார்த்திருக்கிறேன்.

பூஸ்ட்_ஈரோடு
பழைய இ.சி.யு.வை வைத்துக்கொண்டு டர்போ போட நான் சொல்லவே இல்லை. அவர் தனி இ.சி.யு. போடுகிறார். கூடவே காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார், எத்தனாலை அளக்கும் சென்சார் இரண்டும் வைக்கட்டும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 280 சி.சி.க்குக் குறையக் கூடாது, பம்பும் புதிது. இன்னொன்று: எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும், உள்ளே போகும் காற்றையும் குளிர வைக்கும். டர்போவுக்கு அது எதிரி இல்லை.

கோவை, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டர்போவிலிருந்து திரும்பும் ஆயில் பைப் நேர் கீழாக இறங்க வேண்டும், சம்ப்பில் (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது வளைந்தோ மட்டத்துக்குக் கீழோ போனால் ஆயில் தேங்கி சீல் வழியாகக் கசிந்து நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள், தப்பு பைப்பில் இருக்கும்.

லீனியா_சேலம்
இரண்டு பேருமே அந்தப் பழைய எஞ்சினையே சுற்றி வருகிறீர்கள். நான் ஃபியட் லீனியா டி-ஜெட் வைத்திருக்கிறேன், கம்பெனியே டர்போ போட்டுக் கொடுத்த வண்டி. 1368 சி.சி., 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,200 ஆர்.பி.எம்.மிலேயே. அபார்த் புன்ட்டோவில் இதே எஞ்சின் 145 கொடுத்தது. குன்னூர் ஏற்றத்துக்கு வேண்டியது இந்த இழுவைதான். அடிபட்ட டி-ஜெட் ஒன்றை முழு வண்டியாக வாங்கி எஞ்சினை மாற்றுங்கள். எஞ்சினை மட்டும் சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் வாங்காதீர்கள், இ.சி.யு., மிதி, பாடி கம்ப்யூட்டர், சாவி எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட்டே ஆகும்.

பழைய_பட்டறை
மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டரை லட்சத்தில் வண்டி பட்டறை மூலையில் பாதியில் நிற்கும். அப்படி நின்ற வண்டிகள் எனக்குத் தெரியும்.

சர்வேயர்_மதுரை
இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை செய்கிறேன், யாரும் தொடாத பக்கத்தைச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். என் கவலை விபத்து. வண்டியில் டர்போ இருப்பதை நாங்கள் எழுதினால் உங்கள் வண்டிக்கான கிளைம் சிக்கலாகும். அடிபட்டவர் தரப்புக்குக் கம்பெனி கொடுத்தாலும் அதை உங்களிடம் திரும்பக் கேட்கப் பார்க்கும். 2002 வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிப்பு 2027-ல் வரும், அப்போது ஆய்வாளர் பானட்டைத் திறப்பார். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது வேண்டாம் தம்பி. செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள், லாரியில் ஏற்றிக் கொண்டுபோவீர்கள் என்றால் வேறு பேச்சு.

பூஸ்ட்_ஈரோடு
சட்டம் சரிதான், அதை மறுக்கவில்லை. என் ஸ்விஃப்ட்டைக் கடைசியில் டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கியதற்கும் அதுதான் காரணம்.

கோவை_பாலியோ
அதை முதலில் சொல்லியிருக்கலாமே அண்ணா! சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பேசிக்கொண்டே இருப்பதைவிட அளந்து பார்ப்போம் என்று கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வந்தேன். எஞ்சினைச் சூடாக்கி, பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துச் சுற்றவிட்டேன். 178, 175, 141, 176 பி.எஸ்.ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், 144 தான்.

பிளக்குகளை வரிசையாக நியூஸ்பேப்பரில் வைத்தேன். மூன்று பிளக் முனையும் காபித்தூள் நிறம். மூன்றாவது மட்டும் கழுவித் துடைத்தது மாதிரி வெள்ளை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூலன்ட் கொஞ்சம் ஊற்றுவேன், பழைய வண்டிதானே என்று கண்டுகொள்ளவில்லை.

பழைய_பட்டறை
ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது. பிளக் வெள்ளையாக இருப்பது உள்ளே தண்ணீர் போய் ஆவியாகிக் கழுவுவதால். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மூன்றாவதில் விட ஆரம்பித்திருக்கிறது. இதன் மேல் 0.4 பார் ஏற்றியிருந்தால் முதல் ஊட்டிப் பயணத்திலேயே பர்லியாரில் நின்றிருப்பீர்கள். டர்போவை விடுங்கள், இனி சூடேறவிட்டு ஓட்டவே கூடாது.

பூஸ்ட்_ஈரோடு
இதில் அண்ணன் சொல்வதே சரி. பிரிக்காமல் செய்யும் திட்டம் முடிந்தது. ஆனால் எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் போகிறீர்கள். அதோடு தடிமனான கேஸ்கெட்டும் நல்ல போல்ட்டும் போட்டுவிட்டால் கம்ப்ரஷன் குறையும், பிறகு டிராக்குக்கு என்று முடிவு செய்தால் எஞ்சின் தயாராக இருக்கும்.

பழைய_பட்டறை
டர்போ வராத எஞ்சினுக்குத் தடிமன் கேஸ்கெட் போட்டால் இருக்கிற இழுவையும் போகும். அது ஆபீஸ் போகிற வண்டி. கம்பெனி அளவிலேயே போடுங்கள். ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் போட்டுச் சமமாக்க வேண்டும், அப்போது கம்ப்ரஷன் துளி கூடும். டர்போவுக்கு அது கெடுதல், உங்கள் வண்டிக்கு நல்லது.

கோவை_பாலியோ
பட்டறைக்காரர் அண்ணாவிடம் போனில் பேசிவிட்டேன். ஞாயிறு காலை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன், ஹெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கேஸ்கெட் கம்பெனி அளவில்தான். ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்ததும் ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் போட்டோவோடு இங்கே போடுகிறேன். பிரேக்கும் புஷ்ஷும் அடுத்த மாதச் சம்பளத்தில். டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தை இப்போதைக்குத் தொடவில்லை. சேலம் அண்ணா, அந்தப் பக்கம் வரும்போது உங்கள் டி-ஜெட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பீர்களா?

லீனியா_சேலம்
தாராளமாக வாருங்கள். ஏற்காடு ஏறிவிட்டு வரலாம்.