கலைச்சொல் உதவி: மேல்தாடைச் சைனஸ் உயர்த்தல்
(எழுதுவோர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகின்றனர்)

பேராதனை:
வணக்கம். இந்தச் சிகிச்சைக்கு நோயாளி கையெழுத்திடும் சம்மதப் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேல் கடைவாய்ப் பற்கள் விழுந்தபின் எலும்பு கரையும், அதற்கு மேலுள்ள காற்றறையான சைனஸும் கீழிறங்கும். மிஞ்சிய எலும்பு நாலைந்து மில்லிமீற்றருக்கும் குறைந்தால் பற்பதியத் திருகுக்கு (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிப்பது) பிடிமானம் இல்லை. ஆகவே சைனஸின் பக்கச் சுவரில் சிறு சன்னல் வெட்டி, உட்சவ்வைக் கிழியாமல் மேலே தள்ளி, அடியில் எலும்புத் துகளை நிரப்புகிறோம். துகள் எலும்பாக இறுக ஆறு முதல் ஒன்பது மாதம். ‘sinus lift’ என்பதற்குக் ‘குடா உயர்த்தல்’, ‘bone graft’ என்பதற்கு ‘எலும்பு ஒட்டு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

பதுளை:
குடா அருமையான சொல். குடம், குடங்கை, குடவு எல்லாம் வளைவு என்ற ஒரே வேர். குடக்கு என்ற மேற்கையும் அதில் சேர்ப்பேன், ஞாயிறு வளைந்து இறங்கும் திசையல்லவா? ‘மேல்தாடை’ வேண்டாம். கல்லும் தாழையும் கற்றாழை ஆவதுபோல் இது மேற்றாடை.

ஹற்றன்:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் படிவத்தைத் தாதி வாசித்துக் காட்டும்போது ‘மேற்றாடை’ மேலாடை என்றே காதில் விழும். குடா என்றால் தோட்டத்து லயத்திலிருந்து வரும் அம்மாவுக்கு யாழ்ப்பாணக் குடாநாடுதான். உயர்வதும் குடா அல்ல, அதன் தளம். ‘காற்றறைத் தளம் உயர்த்தல்’ என்போம். ‘ஒட்டு’ம் இடிக்கிறது: ஒட்டு மாங்கன்றில் ஒட்டுவது உயிருள்ள கிளை. இங்கே போடுவது பெரும்பாலும் உயிரற்ற துகள், நோயாளியின் எலும்புதான் அதற்குள் வளர்கிறது. ‘எலும்பு நிரப்பு’ பொருந்தும்.

பண்டாரவளை:
முழை, அளை இரண்டையும் விட்டுவிட்டீர்களே! புலி கிடக்கும் குகைக்குச் சங்கச் சொற்கள்.

பதுளை:
அளைக்குத் தயிர் என்றும் பொருள் உண்டம்மா. முழை வேண்டுமானால் பார்க்கலாம்.

பேராதனை:
தளம், நிரப்பு இரண்டையும் ஏற்கிறேன். தாடையிலிருந்து எடுத்து வைக்கும் சொந்த எலும்புத் துண்டுக்கு மட்டும் ‘ஒட்டு’ இருக்கட்டும். மற்ற இனத்து எலும்புக்கு ‘அயலின நிரப்பு’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அதை ஏற்கமாட்டேன். பெரும்பாலும் அது மாட்டெலும்பு. மாட்டிறைச்சி தொடாத குடும்பங்கள் இங்கே நிறைய. ‘மாட்டெலும்புத் துகள்’ என்று பச்சையாக எழுதி, செயற்கைக் கல்சியம் பொசுபேற்றும் உண்டு என்று கீழே சேர்க்க வேண்டும். மறைத்து வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.

ஹற்றன்:
‘வெற்றி வீதம்’ என்ற தலைப்பையும் மாற்றுங்கள் சேர். ஆய்வுகள் தொண்ணூறு வீதத்துக்கு மேல் என்று சொல்வது பெரும்பாலும் பதியம் வாயில் நிற்பதைத்தான். வலித்தாலும், சுற்றி எலும்பு தேய்ந்தாலும் அது ‘நிற்கும்’ கணக்கில் வந்துவிடும். ‘நிலைப்பு’ வேறு, ‘வெற்றி’ வேறு.

பேராதனை:
சரி, ‘நிலைப்பு’. சிக்கல்களில் முதலாவது சவ்வுக் கிழிசல். ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத சவ்வு அது. சிறு கிழிசலைக் கொலாஜன் தாளால் மூடலாம், பெரிதானால் நிறுத்திவிட்டுப் பிறகு செய்ய வேண்டும். பின்னறிவுறுத்தலில்: இரண்டு வாரம் மூக்குச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், புகையிலை போட்ட வெற்றிலை கூடாது. தடிமன் (சளிபிடித்தல்), சைனஸ் சீழ் இருந்தால் திகதியைத் தள்ளிப்போட வேண்டும்.

பண்டாரவளை:
‘தடிமன்’ அப்படியே இருக்கட்டும், ‘நீர்க்கோவை’ ஆக்கிவிடாதீர்கள்.

பேராதனை:
படிவத்தில் ‘சைனஸ் (காற்றறை) தளம் உயர்த்தி எலும்பு நிரப்பல்’ என்று போகிறது. நால்வரில் மூவர் சம்மதம்.

பதுளை:
படிவத்துக்குச் சரி. மாணவர் அகராதியில் ‘மேற்றாடைக் குடா’ இருக்க வேண்டும். அதை நான் விடப்போவதில்லை.