எடை குறைந்த கார், முதல் டிராக் நாள்: டெல்டாக்காரர்கள் செய்ததும் பார்த்ததும்

பாபநாசம் பட்டறை:

கோவை செட்டிபாளையம் கார் பந்தயத் தடத்தில் நடந்த டிராக் நாளுக்கு (பந்தயம் இல்லாமல் அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள்) நாங்களே கட்டிய நம்ம வண்டி போய்வந்ததைக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு பக்கம் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

வண்டி, 25 மி.மீ. சதுரக் குழாயில் நாங்களே வெல்டு வைத்த சட்டம். 1957-ல் இங்கிலாந்தின் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்கிற, இரண்டு இருக்கைத் திறந்த காரின் ஜாதி. இன்றைக்கும் கேட்டர்ஹாம் கம்பெனி விற்கிறதே, அந்த உருவம்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரு பழைய மாருதி ஈக்கோவிலிருந்து எடுத்தவை: 1,196 சி.சி., 73 குதிரைத்திறன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை ஏற்றுகிற வண்டி இன்ஜினா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைச் சுற்றும் இன்ஜின் நம்மூரில் மலிவாகக் கிடைப்பது அதில்தான்.

ரைஸ் மில் எடை மேடையில் ஏற்றியபோது ஆள் இல்லாமல் 560 கிலோ. ஈக்கோவோ 900-ஐத் தாண்டும். நான் சொல்ல வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான். பாகம் ஈக்கோவுடையது என்றாலும் ஈக்கோவின் கணக்கு ஒன்றுகூட இதற்குச் செல்லாது. குதிரைத்திறனைக் கூட்டுவதெல்லாம் அப்புறம். முதல் டிராக் நாளுக்கு முன்னால் இந்தக் கணக்கையெல்லாம் புதிதாகப் போட வேண்டும்.

டயர் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் கேட்காமலே முப்பது அடித்துவிடுவார்கள். அந்தக் காற்றில் இந்த எடைக்கு டயரின் நடுப்பட்டை மட்டும்தான் தரையைத் தொடும். நாங்கள் குளிர்ந்த டயரில் 18 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கினோம், ஓடிச் சூடானதும் 21 காட்டியது. டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு விடுங்கள். வளைவில் திரும்பி வந்தபின் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று போதுமா, குறைவா என்று தெரிந்துவிடும். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரேக் பேட் விஷயத்தில் எல்லோருக்கும் பந்தய பேட் மேல் ஆசை வரும். அது சூடேறினால்தான் பிடிக்கும், 560 கிலோ வண்டி அதைச் சூடேற்றாது. சாதாரண நல்ல பேட் போதும். பின் டிரம் பிரேக்தான் தொல்லை. பின்னால் பாரம் ஏற்றும் வண்டிக்கென்று செய்தது அது. பாரம் இல்லாத வண்டியில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளும், வண்டி வாலைச் சுழற்றும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று வைத்து, முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை திருகித் திருகிப் பார்த்தோம். இதெல்லாம் மில் களத்தில், ஓனரிடம் கேட்டுக்கொண்டு. பதிவு இல்லாத வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 39-ஆம் பிரிவு.

இனி நாலு மூலை எடை, அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பது. இதற்கு ஆயிரக்கணக்கில் கருவி விற்கிறார்கள். நெல் வியாபாரிகளிடம் 300 கிலோ தாங்கும் மின்னணுத் தராசு எதற்கு இருக்கிறது? நாலு பேரிடம் நாலு இரவல் வாங்கினோம். முதல் வேலை, ஒரே மூட்டையை நாலிலும் வைத்து நாலும் ஒன்றுபோலக் காட்டுகிறதா என்று பார்த்தது. அடுத்தது தரை. களம் பார்க்கத்தான் சமம், மழைத் தண்ணீர் வழிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். கொத்தனார் டியூப் லெவலைக் கொண்டுவந்து, பலகைத் துண்டு வைத்து நாலு தராசையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டுநர் இருக்கையில் 26 கிலோ அரிசி மூட்டை மூன்று, ஆக 78. (25 கிலோ வரை ஜி.எஸ்.டி. என்று வந்த பிறகு மூட்டை 26 ஆனது இப்படியும் உதவுகிறது!) டயரில் ஓடும்போது வைக்கப்போகும் காற்று, ஸ்டியரிங் நேராக, பெட்ரோல் பாதி டாங்க்.

மொத்தம் 638 கிலோ. வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்து 349, மற்றக் குறுக்கு 289. ஒரு கால் குட்டையான கட்டில் ஆடுகிற மாதிரிதான், வலப்பக்கம் திரும்ப ஒரு குணம், இடப்பக்கம் திரும்ப வேறு குணம். ஸ்பிரிங் அடித்தட்டை ஒரு மூலையில் ஏற்றினால் அந்த மூலையிலும் அதன் குறுக்கு மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கி ஆட்டிவிட்டு மறுபடி பார்த்து, 321-க்கு 317 என்று வந்ததும் நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் துல்லியம் பார்ப்பது முதல்முறை போகிறவனுக்கு வீண்.

மன்னார்குடி லேத்:

தம்பி எழுதியது எல்லாம் சரி. எனக்கு, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கத் தலைக்கு மேல் இருக்கிற வளையம் பற்றித்தான் பேச்சு. போன வருஷம் ஒரு பையன் பந்தல் போடுகிற ஜி.ஐ. பைப்பை வளைத்துக்கொண்டு வந்து இதில் வெல்டு வையுங்கள் அண்ணே என்றான். நான் தொடவில்லை. தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டித் தையல் போட்ட குழாய் அது, அடிபட்டால் தையலில் பிளக்கும். தையலில்லாமல், சூடேற்றாமல் இழுத்த குழாய் வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதியில் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், இல்லாவிட்டால் 50-க்கு 2. சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டியதுதான், கொஞ்சம் நாளாகும். ஆகட்டும்.

அதன் காலைச் சதுரக் குழாயின் சுவரில் அப்படியே ஒட்டவும் கூடாது. 1.6 மி.மீ. தகடு, குத்திக்கொண்டு இறங்கிவிடும். கனமான தகடு வைத்து, குழாய் கூடுகிற முனையில் பாரம் இறங்குகிற மாதிரி செய்யுங்கள். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்கார்ந்த பிறகு வளையத்தின் உச்சியிலிருந்து முன்பக்கம் ஒரு நீளக் கம்பை வைத்துப் பாருங்கள், ஹெல்மெட் கம்புக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். உயரமான ஆளுக்கு இருக்கையைத்தான் இறக்க வேண்டும்.

வெல்டுகளைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வெயிலில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் விரிசல் தெரியாது.

நாகை உப்புக்காற்று:

எங்கள் பக்கம் வேற பிரச்சினை, ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம் என்பதுதான் அதன் தரக்கணக்கே. கொதித்தால் லைனில் ஆவி, பெடல் தரைக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில் திறந்து மீதி வைத்த டப்பாவைத் தையில் எடுத்து ஊற்றாதீர்கள். புது டப்பா, சீல் உடைத்து, டிராக் நாளுக்கு முந்தின வாரம் முழுக்க மாற்றுங்கள்.

அப்புறம் எர்த் வயர். என் சித்தப்பா மகன் வண்டி (மாருதி 800 இன்ஜின், வீட்டுச் சட்டம்) மூன்றாவது சுற்றில் விட்டு விட்டு இருமியது. கார்புரேட்டர், பிளக், பெட்ரோல் ஃபில்டர் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சட்டத்தில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பச்சையாகத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினதும் ஓடிற்று. அன்றைய பொழுதில் பாதி போச்சு.

திருவாரூர் எடுபிடி:

நான் ஓட்டுவதில்லை, பாபநாசம் அண்ணனோடு ஸ்பேனர் பிடிக்கப் போனவன். அதனால் அடுத்தவர் வண்டிகளை நன்றாக வேடிக்கை பார்த்தேன்.

செட்டிபாளையத்துத் தடமான கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். மாருதி 800 இன்ஜினில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டிய கரிவரதன் பேரில் 2003-ல் திறந்தது. நம்ம மாதிரி வண்டிக்கு சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் 3.7 கிலோமீட்டரை விட இதுதான் இதம், நேர்பாதை சின்னது.

காலையில் எல்லா வண்டிக்கும் பரிசோதனை. பேட்டரியை ஆட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் பேட்டரியை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார், தகடு வைத்து போல்ட் முடுக்கிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். ஆக்சிலரேட்டரைக் கையால் அமுக்கி விட்டுப் பார்க்கிறார்கள், டக்கென்று திரும்ப வேண்டும். அண்ணன் இரண்டு ஸ்பிரிங் போட்டிருந்தார், ஒன்று அறுந்தாலும் மற்றது இழுக்கும். இழுத்துப்போக முன்னும் பின்னும் கொக்கி, வெளியிலிருந்து கரண்ட்டை வெட்டும் சுவிட்ச், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். முன் கண்ணாடி இல்லாத வண்டி என்பதால் முகம் மூடிய ஹெல்மெட். நைலான் சட்டை வேண்டாம், பருத்திதான்.

பார்த்ததில் மனசில் நின்றது ஆயில் விளக்கு. பக்கத்து ஷெட்டில் ஒரு வண்டி, நீளமான வளைவில் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்கும், நேர்பாதைக்கு வந்தால் அணைந்துவிடும். அந்தப் பையன் சென்சார் கோளாறு என்றான். அண்ணன் அவனை நிறுத்தி உட்கார வைத்துச் சொன்னார்: வளைவில் ஆயில் எல்லாம் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அந்த ஒரு நொடியில் பேரிங் காய்ந்து ஓடுகிறது. எங்கள் சம்ப்புக்குள் மன்னார்குடியில் தடுப்புத் தகடு வெல்டு வைத்திருந்தோம். அவனுக்கு அன்றைக்குச் செய்யக்கூடியது, ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு நிரப்பிக்கொண்டு வளைவுகளில் மெதுவாகப் போவது. அப்படித்தான் ஓட்டினான், இன்ஜின் பிழைத்தது.

ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் என் வேலை: சக்கர நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது, காற்று பார்ப்பது, கீழே படுத்து ஏதாவது கசிகிறதா என்று பார்ப்பது. ஹேண்ட்பிரேக் போடவே கூடாது, சூட்டில் டிரம் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுக் கட்டை வைத்தோம். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிவிட்டு வந்தால் எல்லாம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கொடிகளை முந்தின நாளே படித்துவிடுங்கள். மஞ்சள் என்றால் முந்தக்கூடாது, நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், சிவப்பு என்றால் வேகம் குறைத்து பிட்டுக்கு (வண்டிகள் நிற்கும் இடம்) திரும்பு. அண்ணன் முதல் அரைமணி நேரமும் நீலக்கொடிதான் வாங்கினார். (சொன்னால் கோபப்படுவார்.)

கும்பகோணம் புதுசு:

அண்ணே, வண்டியை அங்கே எப்படிக் கொண்டுபோனீர்கள்? டாடா ஏஸில் ஏறுமா?

பாபநாசம் பட்டறை:

ஏறாது தம்பி, நீளம் பற்றாது. 14 அடி ஈச்சர் பிடித்தோம். மில்லில் மூட்டை ஏற்றும் மேடை லாரித் தளத்துக்குச் சமமான உயரம், அங்கே தள்ளியே ஏற்றிவிடலாம். இறக்குகிற இடத்தில் மேடை இருக்காது, இரண்டு நீள இரும்புச் சானலைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டுவதற்குக் கயிறு, சங்கிலி வேண்டாம், ராட்செட் பட்டை வாங்குங்கள். பின்னால் ஆக்ஸிலிலும், முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளிலும் கட்டுங்கள். சட்டத்தில் கட்டினால் ஸ்பிரிங் ஆட ஆடப் பட்டை தளரும். திருச்சி தாண்டி ஒருமுறை, கரூரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். நீலக்கொடி கணக்கை அப்புறம் திருவாரூரானிடம் பேசிக்கொள்கிறேன்.