புதுப்பிப்பு: சுங்கை பூலோவில் அவிசென்னியா மரங்களை இலை பறிக்காமல் இனம் பிரிப்பது

இயற்கை வளப் பாதுகாப்புப் பாடத்தின் களப்பணிக்காக, சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் உள்ள அவிசென்னியா என்ற அலையாத்தி மரங்களை ஓர் இலையும் பறிக்காமல் எப்படி இனம் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "காயைப் பாருங்கள், தம்பி" என்று ஓர் அண்ணன் சொன்ன யோசனைதான். மிளகாய் போல நீண்டு கூராக இருந்தால் ஆல்பா இனம். தட்டையான இதய வடிவில் சுருக்கங்களோடு இருந்தால் அஃபிசினாலிஸ். இவ்வளவுதானா என்றிருந்தது! வேரைப் பார்க்கும் யோசனை உதவவில்லை. சேற்றிலிருந்து நிமிரும் மூச்சுவேர்கள் இவை எல்லாவற்றுக்கும் உண்டு.

எதிர்பாராதது மூன்றாவது இனமான ரம்ஃபியானா. காயே இல்லாத மரத்தடியில் விழித்துக்கொண்டு நின்றபோது காற்றில் இலைகள் புரண்டன: அடிப்பக்கம் முழுவதும் பழுப்பு நிற மென்ரோமம். ஆல்பாவின் அடிப்பக்கமோ வெளிறிய சாம்பல். ஆகவே காயில்லாத பருவத்தில் இலைகளை அண்ணாந்து படமெடுங்கள். மரப்பலகை நடைபாதையிலிருந்தே முடியும்.

எங்களுடையது சிறிய கல்லூரி, சேகரிப்பு அறையும் சிறியது. அதனாலோ என்னவோ, விரிவுரையாளர் உலர்த்திய மாதிரிகளுக்குப் பதிலாகப் படங்களையே ஏற்றுக்கொண்டார். மாதிரி எடுத்தே தீரவேண்டியவர்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். 2002 முதல் சுங்கை பூலோ சட்டப்படி இயற்கைக் காப்பகம்.